ஒபதியா லைல் சொன்ன பெயர்

இஞ்சிக் கேக் இல்லாமல் கென்டக்கியில் தேர்தல் நடந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஓட்டுப் போட வருகிறவர்களுக்குக் கொடுக்க, கேத்தூராள் நான்கு நாள் அடுப்படியை விட்டு நகராமல் முந்நூற்று இருபது கேக் சுட்டாள். அத்தனையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஆகஸ்ட் மாதத்து முதல் திங்கட்கிழமை காலையில் கோர்ட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள். எதிரே வால்நட் மரத்தடியில், அவள் கணவரை எதிர்த்து நிற்கிற கர்னல் பிலேமோன் வாட்ஸின் ஆட்கள் விஸ்கிப் பீப்பாய்களை உருட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு பீப்பாய். பக்கத்தில் குழி வெட்டி இரண்டு பன்றிகள் வேறு வெந்துகொண்டிருந்தன. அவள் பீப்பாய்களைப் பார்த்தாள், தன் கேக்குகளைப் பார்த்தாள், வாயை இறுக்கிக்கொண்டாள்.

விடுதிக்காரர் மனைவி திர்சாள் வண்டிச் சக்கரத்தில் கால்வைத்து ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஊரில் எந்த வேடிக்கையும் அவள் இல்லாமல் ஆரம்பிக்காது.

“உன் வீட்டுக்காரர் பேருக்கு ஒரு பீப்பாயாவது வெச்சிருக்கலாம்டி.”

“குடிச்சிட்டு ஒருத்தன் போடற ஓட்டு எனக்கு வேண்டாங்கறாரு.”

“குடிக்காம எவன் இந்த ஊர்ல ஓட்டுப் போட்டிருக்கான்? பாதிரியாரே ரெண்டு மொடக்கு ஊத்திக்கிட்டுத்தான் வருவாரு.”

கேத்தூராள் கேக்குகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். வாயைத் திறந்தால் கணவரைத் திட்டிவிடுவோமோ என்று பயம். ஏற்கெனவே மூன்று வாரமாக வீட்டில் அவரோடு சரியான பேச்சு இல்லை.

ஒபதியா லைலுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வர்ஜீனியாவில் தோல் பதனிடுகிறவர் ஒருவரின் மகன். ஆங்கிலேயனோடு சண்டைக்குப் போய், ஒரு குளிர்காலத்தில் மூன்று கால்விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். மலையைத் தாண்டிக் கென்டக்கிக்கு வந்தபோது மாவு மூட்டைக்குள் ஒரு சட்டப் புத்தகம் வைத்திருந்தார். கேத்தூராள் மாவு அள்ளப் போய் அதைக் கண்டெடுத்து, “இதை எப்படிங்க ரொட்டி சுடறது?” என்று கேட்டது குடும்பத்தில் இன்றைக்கும் நடமாடுகிற கதை. அந்தப் புத்தகத்தைப் படித்து வக்கீலானார், பிறகு நீதிபதியானார். முதல் கோர்ட்டு திர்சாளின் விடுதியில்தான் நடந்தது. பலகைத் தரைக்குக் கீழே பன்றிகள் உறுமிக்கொண்டிருக்க, மேலே இவர் தீர்ப்புச் சொன்னார். வருஷத்தில் ஏழு மாதம் குதிரைமேல்தான். ஊர் ஊராகப் போய்க் கோர்ட்டு நடத்த வேண்டும். கிடைத்த விடுதியில் ஒரே கட்டிலில் இரண்டு வக்கீல்களோடு படுக்க வேண்டும். ஒரு தடவை அப்படிப் படுத்து எழுந்த காலையிலேயே அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு அபராதம் போட்டார். கோர்ட்டுக்குத் தாமதமாக வந்தாராம்.

இத்தனை கறாரான மனுஷனுக்கு ஒரே ஒரு காரியம் வராது. தனக்காக ஒரு வார்த்தை பேச வராது. “இந்தக் கவுண்டிக்கு யாரை நீதிபதியாகப் போடலாம்?” என்று (கவுண்டி என்றால் நம் ஊர் ஜில்லா மாதிரி) கவர்னர் கடிதம் எழுதிக் கேட்டபோது, வேறு இரண்டு பேருடைய பெயரைச் சிபாரிசு செய்து பதில் எழுதினார். மேஜைமேல் கிடந்த அந்தக் கடிதத்தைப் படித்த கேத்தூராளுக்கு வயிறு எரிந்தது. கவர்னர் அந்த இரண்டு பெயரையும் ஒதுக்கிவிட்டு இவரையே போட்டார், அது வேறு கதை. அவளுக்கு இவரைப் பற்றிப் பெருமையும் உண்டு, இவரோடு மாரடித்த சலிப்பும் உண்டு. எது கூட என்று அவளாலேயே சொல்ல முடியாது.

இந்த வருஷம் ஊர்ப் பெரியவர்கள் வீடு தேடி வந்து, “ஜட்ஜையா, நீங்கதான் மாநில செனட்டுக்குப் போகணும்” என்று கேட்டுக்கொண்டார்கள். எதிர்த்து நிற்க ஆளில்லை. கேத்தூராள் அவருடைய கறுப்புக் கோட்டை எடுத்து வெயிலில் காயப்போட்டாள். தலைநகரத்துக்குப் போகிற ஆசை அவளுக்கு இல்லையென்று சொன்னால் அது பொய். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. இருபத்திரண்டு வருஷம் இந்தக் கவுண்டிக்கு உழைத்த மனுஷனின் பெயரை இந்தக் கவுண்டி ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை அவள் தன் காதால் கேட்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ஆமோஸ் டாரன்டின் வழக்கு வந்தது.

ஆமோஸ் சுதந்திரம் பெற்ற கறுப்பர். வர்ஜீனியாவில் அவருடைய எஜமான் சாகும்போது உயில் எழுதி விடுதலை செய்திருந்தார். ஓடைக்கரையில் தொண்ணூறு ஏக்கர் காட்டைப் பதிவு செய்து, மனைவி வின்னியோடு இருபத்தொரு வருஷம் வெட்டித் திருத்திச் சோளம் போட்டிருந்தார். அந்த நிலம் தன்னுடையது என்று கர்னல் வாட்ஸ் வழக்குப் போட்டார். ஆமோஸ் வருவதற்கு நான்கு வருஷம் முன்பே, எழுபத்தொன்பதிலேயே, தான் அங்கே எல்லை அளந்து மூலையில் நின்ற ஓக் மரத்தில் மூன்று வெட்டுப் போட்டு அடையாளம் வைத்ததாகச் சொன்னார். ஆமாம், நாங்களும் கூட இருந்தோம் என்று இரண்டு பேர் பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள். ஆமோஸால் ஒன்றும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்லக் கூடாது என்பது அங்கே சட்டம்.

ஆமோஸ் தடுப்புக்கு அப்பால் நின்றபடி, “அந்த மரத்தையே கேளுங்கய்யா” என்று ஒரே வார்த்தை சொன்னார். கர்னலின் வக்கீல் துள்ளி எழுந்தார். “இவன் பேசக் கூடாது, இவனுக்கு வாய் கிடையாது” என்றார்.

“கர்னல் என்ன செஞ்சாருன்னு அவரு சொல்லக் கூடாது, வாஸ்தவம்” என்றார் ஜட்ஜ். “மரம் எங்க இருக்குன்னு சொல்லலாம். மரத்துக்கு வாய் கிடையாதுன்னு சட்டத்துல எங்கயும் எழுதலையே.”

வழக்கை அக்டோபருக்குத் தள்ளிப் போட்டிருக்கலாம். தேர்தல் முடிந்திருக்கும். ராத்திரிச் சாப்பாட்டில் கேத்தூராள் அதைத்தான் கேட்டாள்.

“மூணு மாசம் தள்ளிப்போட்டா என்னங்க குடி முழுகிடும்?”

“செப்டம்பர்ல சோளம் வெளஞ்சிடும். வழக்கு முடியறவரைக்கும் வெளச்சல் கர்னல் கைக்குப் போகும். ஆமோஸ் வீட்ல குளிர்காலத்துக்கு என்ன சாப்பிடுவாங்க?”

“நம்ம வீட்ல இருக்கறதக் கொடுப்போம்.”

“அவரு பிச்சை கேட்டு வரலையே, நியாயங் கேட்டுல்ல வந்தாரு” என்று சொல்லிவிட்டு அவர் ரொட்டியைப் பிட்டுக்கொண்டார். அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது.

மறுநாள் கோர்ட்டே குதிரை ஏறி ஓடைக்கரைக்குப் போனது. கோர்ட்டு போனால் ஊர் போகாமல் இருக்குமா? கேத்தூராளும் போனாள். கோபம் இருந்தாலும் மதியச் சாப்பாட்டுக் கூடையை யார் கொண்டுபோவது? ஓக் மரத்தில் வெட்டுத் தழும்பு இருந்தது, மூன்று வெட்டு, கர்னல் சொன்ன மாதிரியே. கோடாலிக்காரர் தழும்போடு சேர்த்து மரத்தில் ஒரு கட்டையை வெட்டி எடுத்துப் பிளந்து காட்டினார். வெட்டுப் பட்ட காயத்தை மூடி மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் போட்டிருக்கும். எழுபத்தொன்பதில் வெட்டியது என்றால், இந்த ஆயிரத்து எண்ணூற்று நாலில் இருபத்தைந்து வளையம் இருக்க வேண்டும்.

ஜட்ஜ் மண்டி போட்டு உட்கார்ந்து பேனாக்கத்தி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பதினொன்று. எழுந்து கத்தியைக் கர்னலின் சர்வேயர் கையில் கொடுத்தார். அவர் இரண்டு தடவை எண்ணினார். இரண்டு தடவையும் அதே கணக்குத்தான். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற கேத்தூராளும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து எண்ணினாள். பதினொன்றுதான். ஆமோஸ் வந்து பத்து வருஷம் கழித்து யாரோ வந்து அந்த மரத்தை வெட்டியிருக்கிறார்கள்.

தீர்ப்பு நான்கு வரி. நிலம் ஆமோஸ் டாரன்டுக்கு. யாரையும் பொய்யன் என்று ஜட்ஜ் சொல்லவில்லை, மரத்தில் எத்தனை வளையம் இருந்தது என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே கர்னல் வாட்ஸ் விடுதி வாசலில் நின்றுகொண்டு, தானும் செனட்டுக்கு நிற்பதாக அறிவித்தார். இந்தக் கவுண்டிக்குக் கறுப்பனோட ஜட்ஜு வேணுமா, கர்னல் வேணுமா, மக்கள் சொல்லட்டும் என்றார். கவுண்டியின் கால்வாசிப் பேர் அவருடைய நிலத்தில் குத்தகைக்கு இருப்பவர்கள். தேர்தலை நடத்துகிற ஷெரீப் லேவி அவருடைய மருமகன். இரண்டு பக்கமும் ஓட்டு சமமாக விழுந்தால் முடிவு சொல்கிற உரிமை ஷெரீபுக்கு. ஆக மொத்தம் கேத்தூராள் சுட்ட இஞ்சிக் கேக்கின் நிலைமை இதுதான்.

அங்கே ஓட்டைச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போடுகிற பழக்கம் இல்லை. கோர்ட்டு முகப்பில் ஒரு மேஜை. நடுவில் ஷெரீப், பக்கத்தில் பேரேட்டோடு கிழட்டுக் குமாஸ்தா ஏனோஸ், வலமும் இடமுமாகப் போட்டி போடுகிறவர்கள் இரண்டு பேரும். ஓட்டுப் போடுகிறவர் மேஜைக்கு முன்னால் வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தனக்கு வேண்டியவர் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் பெற்றவர் நாற்காலியை விட்டு எழுந்து, தலைவணங்கி, ஓட்டுப் போட்டவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். நன்றி காதில் விழுந்த பிறகுதான் ஏனோஸ் பேனாவை மையில் தோய்ப்பார். அறுபது வயதில் அவர் அதை மாற்றிக்கொள்வதாக இல்லை. இந்தக் கூத்து மூன்று நாள் நடக்கும்.

முதல் ஓட்டைப் போட்டது கர்னல். அது கனவான்களின் வழக்கம், எதிரிக்குத்தான் தன் ஓட்டைக் கொடுக்க வேண்டும். அவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, “ஒபதியா லைல்” என்று கணீரென்று சொன்னார். கூட்டம் கைதட்டியது. ஜட்ஜ் எழுந்து, “நன்றி, கர்னல் வாட்ஸ்” என்றார்.

“பாத்தியாடி, வெல்லமா பேசறான்” என்றாள் திர்சாள். “உன் வீட்டுக்காரரு கடைசியில இதைத் திருப்பிக் கொடுத்தாகணும்ல. ஒத்தைக்கு ஒத்தை சரியாப் போயிடும். அவனுக்கு என்ன நஷ்டம்?”

அந்த மூன்று நாளும் கேத்தூராள் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வீட்டு மேஜையில் கோழி தின்ற சர்ச் டீக்கன் கர்னல் பெயரைச் சொன்னார். சொல்லும்போது வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை. போகிற வழியில் இரண்டு கேக்கை மட்டும் எடுத்துக்கொண்டார். குத்தகைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, கர்னலின் பூட்ஸைப் பார்த்தபடியே கர்னல் பெயரைச் சொன்னார்கள். கர்னல் ஒவ்வொருவருக்கும் பாதி எழுந்தும் எழாமலும் நன்றி சொன்னார். ஜட்ஜ் முழுசாக எழுந்தார். முழங்கால் வலி அவருக்கு. மூன்று விரல் இல்லாத கால் வேறு. ஓட்டுக்கு ஓட்டு எழுந்து, முதுகு வளைத்து, ஆளின் முழுப் பெயரையும் சொல்லி நன்றி சொன்னார்.

இரண்டாம் நாள் மதியம், பன்றி திருடியதற்காக நான்கு வருஷத்துக்கு முன் சவுக்கடி வாங்கிய ரூபன் கிராஸ் வந்து நின்றான். கர்னல் பக்கத்துக் கூட்டம் ஆரவாரித்தது.

“ஒபதியா லைல்” என்றான் ரூபன்.

“முதுகு ஆறிடுச்சா ரூபன்?” என்று எவனோ கத்தினான்.

“பதினஞ்சு அடி போடச் சொன்னாரு, வாங்கினேன். பதினாறாவது அடிக்குச் சவுக்க ஓங்கினாங்க. ஜட்ஜையா எறங்கி வந்து கையைப் புடிச்சாரு. பதினஞ்சுன்னா பதினஞ்சுதான்னாரு” என்றான் ரூபன். “பாவி மகனுங்களா, இந்த ஊர்ல கணக்குத் தப்பாம எனக்கு நடந்தது அது ஒண்ணுதான்.”

மூன்றாம் நாள் காலையில் யோசியா பென் வந்தான். கர்னலின் குத்தகைக்காரன், ஐந்து பிள்ளைக்காரன். மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். பிறகு கர்னலின் முகத்தை நேராகப் பார்த்து, “லைல்” என்றான். “நானும் அன்னைக்கு ஓடைக்கரையில இருந்தேன்.” கர்னல் அவனைப் பார்த்த பார்வையில் அவனுடைய வீடு, நிலம், பசுமாடு எல்லாம் போய்விட்டது என்று கூட்டத்துக்கே தெரிந்தது. ஜட்ஜ் எழுந்து அவனுடைய முழுப் பெயரையும் சொல்லி நன்றி சொன்னார். அவனுக்குப் பின்னால் இன்னும் ஒன்பது குத்தகைக்காரர்கள் அதே பெயரைச் சொன்னார்கள். கேத்தூராள் அழுதாள். வெட்கமில்லாமல், முக்காடு போட்டு மறைக்காமல் அழுதாள். ஊர் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்கிறது. விஸ்கி குடிக்காமல் சொல்கிறது. மூன்று வாரமாக அந்த மனுஷனிடம் பேசாமல் இருந்த தன்னை நினைத்து அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

ஆமோஸ் மூன்று நாளும், ஓட்டு உள்ளவர்களை மட்டும் விடுவதற்காகக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். ஐந்து வருஷத்துக்கு முன்புவரை அவருக்கும் ஓட்டு இருந்தது. சட்டத்தை மாற்றி எழுதியபோது அதை எடுத்துவிட்டார்கள்.

புதன்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் ஷெரீப் லேவி எழுந்து மூன்று தடவை கூவினார். அதற்குமேல் யாரும் வரவில்லை. ஏனோஸ் கூட்டிப் பார்த்தார். கர்னல் வாட்ஸ் முந்நூற்று ஏழு. ஜட்ஜ் லைல் முந்நூற்று ஏழு. ஓட்டுப் போடாதவர் ஒரே ஒருவர்தான் பாக்கி, அது ஜட்ஜ்.

இனி என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எந்தக் காலத்திலும் ஒபதியா லைல் ஒரு வழக்கத்தை மீறியதில்லை. கர்னல் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், நன்றி சொல்ல எழுவதற்குத் தயாராக. அவருடைய ஓட்டையும் சேர்த்துத்தான் இவருக்கு முந்நூற்று ஏழு. திருப்பிக் கொடுத்தால் கதை முடிந்தது. வாயைத் திறக்காமல் இருந்தாலும் முடிந்தது, மருமகன் இருக்கிறார்.

“தோத்துட்டாரு” என்றாள் கேத்தூராள் மெல்ல. திர்சாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க ஓட்டு யாருக்கு, ஜட்ஜையா?” என்றார் ஷெரீப்.

ஜட்ஜ் எழுந்தார். மேஜைக்கு முன்பக்கம் நடந்து வந்து, எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்.

“கர்னல் மரியாதைக்காக என் பேரைச் சொன்னாரு. பதிலுக்கு நானும் அவரு பேரைச் சொல்லணும், அதுதான் வழக்கம். இதுவரைக்கும் நான் எந்த வழக்கத்தையும் மீறினதில்ல” என்றார். “ஆனா மூணு நாளா நான் இங்க உக்காந்து பாத்தேன். யோசியா பென் வீட்டை எழந்துட்டு உண்மையைச் சொல்லிட்டுப் போனான். அதே எடத்துல நின்னுக்கிட்டு மரியாதைக்கு ஒரு பொய்யை என்னால சொல்ல முடியல. அந்த மரத்துல எத்தனை வளையம்னு எனக்குத் தெரியும். கர்னலுக்கும் தெரியும்.”

அவருடைய காது மடல் சிவந்துவிட்டது.

“ஒபதியா லைல்” என்றார்.

முதலில் கர்னலின் மைத்துனன் சிரித்தான். பிறகு வால்நட் மரத்தடி முழுவதும் சிரித்தது.

“தன் ஓட்டத் தானே போட்டுக்கிட்டாருடா.”

“இப்ப நன்றி சொல்லணுமே. யாருக்கு யாரு சொல்றது? எந்திரிச்சுத் தனக்குத்தானே கும்பிடு போடுவாரா?”

ஏனோஸ் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார், தோய்க்கவில்லை.

“நன்றி சொல்லாத ஓட்டை ஏத்தற வழக்கம் இங்க இல்ல” என்றார் ஷெரீப் அவசரமாக. “சமம்னு எழுதிக்குங்க, ஏனோஸ்.”

“அது சட்டமில்ல லேவி, வழக்கந்தான்” என்று யாரோ சொன்னார்கள்.

“கனவான் வழக்கத்தை மீறலாமா?” என்றான் கர்னலின் மைத்துனன்.

ஜட்ஜ் நின்ற இடத்திலேயே நின்றார். தன் பெயரைச் சொல்வதற்கே ஐம்பத்திரண்டு வருஷம் ஆயிற்று அவருக்கு. தனக்குத்தானே தலைவணங்கச் சொன்னால் அவரால் ஏழு ஜென்மத்துக்கும் முடியாது. அந்தக் குனிந்த கழுத்தைப் பார்த்ததும் கேத்தூராளுக்கு அது தெரிந்துவிட்டது.

ஓட்டுச் சாவடியில் பெண் குரல் எழுந்ததாக அந்தக் கவுண்டியில் யாருக்கும் ஞாபகம் இல்லை. கேத்தூராள் வண்டியில் எழுந்து நின்றாள். திர்சாள் பாவாடையைப் பிடித்து இழுத்ததைத் தட்டிவிட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி வரிசைக் குடிகாரனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“மிஸ்டர் ஒபதியா லைல் அவர்களே, நீங்க போட்ட ஓட்டுக்கு ரொம்ப நன்றி.”

சொல்லிவிட்டுப் பாவாடையை இரண்டு பக்கமும் பிடித்து, முழங்கால் மடித்து வணங்கினாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. கயிற்றுக்கு வெளியே ஆமோஸ் தொப்பியைக் கழற்றினார். ரூபன் கழற்றினான். யோசியாவுக்குத் தொப்பி இல்லை, வெறும் தலையைத் தாழ்த்தினான். ஷெரீப் லேவி மாமனாரைப் பார்த்தார். கர்னல் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஜட்ஜ் வண்டியை நோக்கித் திரும்பினார். முந்நூற்று ஏழு பேருக்கு எப்படி வணங்கினாரோ அப்படியே, வலிக்கிற காலை ஊன்றி, முதுகை முழுசாக வளைத்து, ஓட்டே இல்லாத தன் மனைவிக்கு வணங்கினார்.

“நன்றி காதுல விழுந்துச்சு” என்றார் ஏனோஸ். பேனாவை மையில் தோய்த்து, முந்நூற்று எட்டு என்று எழுதினார்.